தேடுபொறியில் தில்லை: மின்பனுவலைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வுமுறை குறித்து

அண்மைக்காலத் தமிழ் ஆய்வேடுகளில் 'இச்சொல் இந்நூலில் இத்தனை இடங்களில் பயின்று வந்துள்ளது' என்னும் தொடர் மிகுதியாக இடம்பெறக் காண்கிறோம். முன்னர் இத்தகைய எண், நூலை முற்றப் பயின்ற பின்னரோ அச்சுச் சொல்லடைவைப் புரட்டிய பின்னரோ பெறப்பட்டது. இன்று மின்பனுவலில் ஒரு நொடியில் கிடைக்கிறது. அவ்வெண் எங்ஙனம் பெறப்பட்டது என்பதை ஆய்வாளர் குறிப்பதில்லை. புறத்தேர்வாளரும் பெரும்பாலும் வினவுவதில்லை. 1998ஆம் ஆண்டு தொடங்கிய மதுரைத் திட்டம் முதலிய தன்னார்வ முயற்சிகள் இல்லையெனில் சிற்றூரில் இருந்து ஆய்வு செய்வோர்க்குப் பல நூல்கள் கண்ணிலும் பட்டிரா. அந்நன்றியைக் கூறிய பின்னரே இக்கட்டுரை தன் ஐயத்தை முன்வைக்கிறது. ஐயம் மின்பனுவலின்மீது அன்று. அதனைச் சான்றாகக் கையாளும் முறையின்மீது.

ஐந்து புலியூர்கள்

தேவாரத்தில் கடலூர், சிதம்பரம் ஆகிய ஊர்களைப் பற்றிய குறிப்புகளைத் தொகுக்க முனையும் ஆய்வாளரை எடுத்துக்கொள்வோம். கடலூர் திருப்பாதிரிப்புலியூர், சிதம்பரம் பெரும்பற்றப்புலியூர். 'புலியூர்' எனத் தேடினால் இவ்விரண்டோடு எருக்கத்தம்புலியூர், ஓமாம்புலியூர், பெரும்புலியூர் ஆகியனவும் உடன்வரும். முதல் நான்கும் இன்றைய கடலூர் மாவட்டத்தில் உள்ளவை; ஐந்தாவது திருவையாற்றுக்கு அண்மையது. அடைமொழியின்றிப் புலியூர் என வருமிடத்து எவ்வூர் என்பதைப் பதிகச் சூழலே உணர்த்தும். பொறி ஐந்தையும் ஒன்றாகக் கூட்டி ஓர் எண்ணைத் தரும். அவ்வெண்ணுக்கு நிலவியற் பொருள் ஏதுமில்லை. முழுப்பெயரால் தேடுவதும் தீர்வாகாது. 'பாதிரிப்புலியூர்' எனச் சேர்த்தெழுதிய பதிப்பும் 'பாதிரிப் புலியூர்' எனப் பிரித்தெழுதிய பதிப்பும் உண்டு. ஓர் இடைவெளி கண்ணுக்கு ஒரு பொருட்டன்று. பொறிக்கோ அவை இரு வேறு சரங்கள்.

தில்லையின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. குற்றியலுகரமாகிய 'து' ஈற்றுச் சொல்லோடு 'இல்லை' புணர்ந்தால் 'தில்லை' பிறந்துவிடுகிறது. உரைநடைப் பனுவலொன்றில் தில்லையைத் தேடுவோர்க்கு 'வருவதில்லை', 'அறிவதில்லை', 'சொல்வதில்லை' என எதிர்மறை வினைகளே வரிசையாக நிற்கும். கூத்தன் ஊரைத் தேடப் போய் இன்மையைக் கண்டு திரும்புதல் சைவ சித்தாந்திகளுக்கு உவப்பளிக்கலாம், புள்ளிவிவரத்திற்கு உதவாது.

சிற்றம்பலத்தைத் தேடுவதில் சிக்கல் எதிர்த்திசையில் எழுகிறது. அங்கே மிகை வருகிறது, இங்கே இருப்பது விடுபடுகிறது. 'சிற்றம்பலம்' என உள்ளிட்டால் 'சிற்றம்பலத்து', 'சிற்றம்பலவன்' ஆகியன வாரா. இது திரிபு என்று அமைதி கொள்ளலாம். ஆனால் 'சிற்றம்பலமே' என்பதும் வாராது. தமிழ் இலக்கண நெறிப்படி மகர மெய்யின்மேல் ஏகாரம் ஏறியே 'மே' பிறக்கிறது. எனவே 'சிற்றம்பலம்' அதனுள் முழுமையாக அடங்கியுள்ளது. ஒருங்குறியோ அகரம் ஏறிய 'ம'வை அடியாகக் கொண்டு, புள்ளியையும் ஏகாரக் குறியையும் அதன்மேல் ஒட்டும் இரு வேறு ஒட்டுகளாகக் கருதுகிறது. மெய்யை முதலெனவும் உயிர்மெய்யை அதன் வழிப்பட்டதெனவும் கொள்ளும் தொல்காப்பிய நெறி இங்குத் தலைகீழாகிறது. இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுக்கப்பட்ட குறியீட்டைப் பின்பற்றியதன் விளைவு இது. இக்குறையைக் களையும் பொருட்டு உருவாக்கப்பட்ட அனைத்து எழுத்துருக் குறியீட்டை (டேஸ் 16) ஒருங்குறியோடு சேர்த்து 2010இல் தமிழக அரசு ஏற்றது. எனினும் ஆய்வாளர் புழங்கும் மின்பனுவல்களில் மிகப் பெரும்பாலானவை ஒருங்குறியிலேயே உள்ளன.

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பழந்தமிழ் நூற் சொல்லடைவு இத்தகைய இடர்களுக்கு ஆட்படவில்லை; புணர்ச்சியைப் பிரித்துச் சொல்லை அடையாளம் கண்டவர்கள் மொழியறிந்த மனிதர்கள். தி.வே. கோபாலையர் பதிப்பை அடிப்படையாகக் கொண்டு 2007இல் வெளிவந்த கணினித் தேவாரமும் முழுச் சொல்லடைவோடு அமைந்தது. ஆனால் அது முதலில் குறுவட்டாக வந்தது. இன்று விற்பனையாகும் மடிக்கணினிகளுள் பெரும்பாலானவற்றில் குறுவட்டுச் செலுத்தும் இடமே இல்லை. அரைநூற்றாண்டு கடந்த அச்சுத் தொகுதிகளை எவ்விடத்தும் விரித்துப் படிக்கலாம்.

எழுத்துணரியும் பாடவேறுபாடும்

பழைய அச்சு நூல்களைப் படமெடுத்து எழுத்துணரி வழியே பனுவலாக்கும் முறை இன்று பரவலாகியுள்ளது. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன் 'லை' என்னும் எழுத்துக்குத் துதிக்கை வடிவம் இருந்தது. அவ்வடிவத்தைப் பழகாத எழுத்துணரி 'தில்லை' என்னும் சொல்லையே சிதைக்கும். கால் குறியும் ரகரமும் ஒன்றாகக் குழம்புவது பற்றி அனைவரும் அறிவர்.

இவை திருத்தக்கூடிய பிழைகள். திருத்தமுடியாத இழப்பு வேறு. சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக 1924 முதல் 1927 வரை பணியாற்றிய உ.வே. சாமிநாதையர், தம் பதிப்புகளில் ஏடுகளிடையே கண்ட பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் ஒழுங்குறப் பதிந்தவர். இணையத்தில் உலவும் மின்பனுவல்களுள் பல, மூலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அடிக்குறிப்பைக் கைவிடுகின்றன. பாடவேறுபாடாகக் கீழே நின்ற சொல் தேடலில் 'இல்லாத' சொல்லாகிவிடுகிறது. ஐயத்திற்குரியது எனப் பதிப்பாசிரியர் சுட்டிய பாடம் ஐயமற்றதாகத் தோற்றம் கொள்கிறது.

ஆய்வேடும் பொறியும்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி ஆய்வேட்டில் 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனையில்லை. மூலம் சுட்டிய மேற்கோள்கள் கணக்கிலிருந்து விலக்கப்பட வேண்டும். விதி தெளிவாகவே உள்ளது. மேற்கோட்குறியை மட்டுமே நம்பி மேற்கோளை இனங்காணும் மென்பொருளோ, தமிழ் ஆய்வேட்டு மரபுப்படி குறியின்றித் தனிப்பத்தியாகத் தரப்படும் செய்யுளைக் களவு எனக் கொள்ளும். பாமினி முதலிய பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட ஆய்வேடு அதே பொறிக்கு வெறும் ரோமன் எழுத்துகளின் குவியல். அதனை ஒருங்குறியில் பெயர்த்து எழுதினால் களவு வெளிப்படாது. நேர்மையாக மேற்கோள் காட்டியவரை ஐயுற்று, பழைய ஆய்வேட்டைப் பெயர்த்தவரைக் கடந்து செல்லும் சோதனைக்கு விழுக்காட்டுப் புள்ளியின் துல்லியம் எதற்கு?

'இல்லை' என்னும் முடிபு

மிகை எண்ணைவிட ஊறு விளைப்பது 'இந்நூலில் இச்சொல் இல்லை' என்னும் எதிர்மறை முடிபு. திருமுறை கண்ட புராணம் கூறும் மரபுப்படி, தில்லைக் கோயிலின் அறையில் தேவார ஏடுகள் புற்று மூடிக் கிடந்தன; எஞ்சியவற்றையே நம்பியாண்டார் நம்பி தொகுத்தார். அழிந்தவை பல என்பதைப் புற்றைக் கண்ட அனைவரும் அறிந்தனர். பின்னாளில் ஏடுகளில் இல்லாத திருவிடைவாய்ப் பதிகம் கல்வெட்டிலிருந்து கிடைத்தது. ஆதலின் ஏட்டில் இல்லை என்பதனால் பாடப்படவில்லை என்று எவரும் துணியவில்லை. மின்பனுவலில் விடுபட்ட அடிக்கு அத்தகைய புற்று இல்லை. திரை வெண்மையாக, நேர்த்தியாக உள்ளது. முடிவுகள் 0 என்கிறது.

2011 டிசம்பர் 30இல் தானே புயல் கரை கடந்தபின் கடலூர் மாவட்டத்தின் பல ஊர்கள் நெடுநாள் மின்சாரமின்றி இருந்தன. அக்காலத்தில் ஆய்வுப்பணி நின்றது என்பதைக் குறையாகச் சொல்லவில்லை. வெள்ளத்தில் அச்சு நூலும் நனையும். எனினும் துறை நூலகங்களில் சொல்லடைவுத் தொகுதிகளைப் பயன்பாடற்றவை என ஒதுக்கும் போக்குக்கு இச்செய்தி எதிர்ச்சான்று.

ஆய்வேட்டின் ஆய்வுமுறை இயலில் தேடிய பனுவல் எப்பதிப்பைச் சார்ந்தது, எவ்வடிவங்களில் தேடப்பட்டது, கிடைத்தவற்றுள் எவை எக்காரணத்தால் விலக்கப்பட்டன என்னும் மூன்றையும் பதியுமாறு பல்கலைக்கழகங்கள் வலியுறுத்தலாம். இது சுமை என்பர். புலியூர் ஐந்தையும் பிரித்துக் காட்டும் அட்டவணை ஒரு பக்கத்திற்குள் அடங்கும்.