மிகுபுனைவுத் திரைப்படங்களில் வில்வித்தை

மிகுபுனைவுத் திரைப்படங்களில் வில்வித்தை காட்டப்படும் முறை குறித்து இரு வகையான கருத்துகள் நிலவுகின்றன. "இப்படியெல்லாம் அம்பு எய்ய முடியுமா?" என்று ஒரு சாரார் கேட்பர். "பறக்கும் குதிரையை ஒத்துக்கொள்பவர்கள் அம்புக்கு மட்டும் கணக்குக் கேட்கலாமா?" என்று மறு சாரார் மடக்குவர். இரண்டாவது கேள்வி கேட்பதற்கு நயமாக இருந்தாலும், விடையாகாது. கற்பனைக் கதையில் அம்பு எவ்வளவு தூரமும் போகலாம். ஆனால் வில்லை இழுப்பது மனித உடல் என்றால், அந்த உடலில் வில்லின் கனம் தெரிய வேண்டும். இக்கட்டுரை அந்த அளவுகோலைக் கொண்டு சில படங்களைப் பார்க்கிறது.

மூன்று அம்புகள்

எஸ். எஸ். ராஜமௌலி இயக்கி 2017 ஏப்ரல் 28 அன்று வெளிவந்த 'பாகுபலி 2' படத்தில், குந்தள நாட்டு அரண்மனையைப் பகைவர் தாக்கும்போது, அமரேந்திர பாகுபலி (பிரபாஸ்) தேவசேனாவுக்கு (அனுஷ்கா) ஒரே நாணில் மூன்று அம்புகளைத் தொடுத்து எய்யும் முறையைச் சண்டைக்கு நடுவிலேயே கற்றுக்கொடுக்கிறான். படத்தின் புகழ்பெற்ற காட்சிகளில் ஒன்று இது.

வில் ஆற்றலைச் சேமித்து வைக்கும் கருவி. கை இழுத்த அளவுக்குத்தான் அது திருப்பித் தரும். இழுவிசை 180 நியூட்டன் (ஏறத்தாழ 18 கிலோ எடையைத் தூக்கும் விசை), நாண் பின்னுக்கு வரும் தூரம் அரை மீட்டர் என்று கொண்டால், சேமிக்கப்படும் ஆற்றல் சுமார் 45 ஜூல். அம்பின் எடை 25 கிராம் என்க. வில்லின் கைகளும் நாணும் அசைவதற்கு ஒரு பங்கு செலவாகும். அதை இன்னொரு 15 கிராம் சுமையாகக் கணக்கிடலாம். அப்போது ஓர் அம்பு நொடிக்கு ஏறக்குறைய 47 மீட்டர் வேகத்தில் கிளம்பும். அதே வில்லில் மூன்று அம்புகளைத் தொடுத்தால் வேகம் 32 மீட்டருக்கு இறங்கிவிடும். ஒவ்வோர் அம்பின் தாக்கும் ஆற்றலும் எட்டும் தூரமும் பாதிக்கும் கீழே போய்விடும். கவசம் அணிந்த வீரன் மேல் அத்தகைய அம்பு பட்டால் அவன் திரும்பிப் பார்ப்பான், விழமாட்டான்.

குறி வைப்பதும் சிக்கலே. நாணில் அம்பு பொருந்துவதற்கு உரிய இடம் ஒன்றுதான். மற்ற இரண்டும் அதற்கு மேலோ கீழோ இருந்து கோணலாகத் தள்ளப்படும். அவை எங்கோ போய் விழலாம். ஆனால் மூன்று வெவ்வேறு ஆட்களைத் தேர்ந்தெடுத்து அவர்களின் மார்பில் போய்ப் பாய்வதற்கு வழி இல்லை. அம்பத்தூரிலோ ஆவடியிலோ படம் பார்த்துவிட்டு வந்து, தென்னை ஈர்க்குகளை வளைத்து வில் செய்யும் சிறுவர்கள் இதை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். மூன்று குச்சிகளும் காலடியிலேயே விழும். (ஒற்றை ஈர்க்கு கூடக் கண்ணைக் கெடுத்துவிடும் என்பதால், இந்தச் சோதனையைப் பெரியவர்கள் அருகில் இல்லாமல் செய்யக் கூடாது.)

ஆயினும் இக்காட்சியில் பாராட்டத்தக்க ஒன்று உண்டு. வில்வித்தை இங்கே பிறவி வரமாகவோ மந்திரமாகவோ வரவில்லை, கற்பிக்கப்படுகிறது. விரல்களை எப்படி வைப்பது, மணிக்கட்டை எப்படித் திருப்புவது என்று பாடம் நடக்கிறது. பிடியில் ஒரு சிறு மாற்றம் அம்பின் போக்கையே மாற்றிவிடும் என்பது உண்மையும் கூட. காட்சியின் குறை பாடத்தில் இல்லை. பாடம் நடக்கும்போது இருவர் கையிலும் இருக்கும் வில்லுக்கு எடையே இல்லை என்பதில்தான் இருக்கிறது.

அதே படத்தின் இறுதிப் போரில் மரங்களை வில்லாக வளைத்து வீரர்களைக் கோட்டைக்குள் எறியும் காட்சி வருகிறது. பனை இனத்து மரம் அப்படி வளையாது என்பதைத் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

வில்லின் கனம்

ஒலிம்பிக் வில்வித்தையில் இலக்கு 70 மீட்டர் தொலைவில் இருக்கும். நடுவில் உள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 12.2 செ.மீ. தரவரிசைச் சுற்றில் ஒருவர் 72 அம்புகளை எய்கிறார். ஒவ்வொரு முறையும் 18 கிலோ என்று கொண்டால், ஒரே சுற்றில் கையும் முதுகும் இழுத்த சுமை ஏறத்தாழ 1,300 கிலோ. தீபிகா குமாரி போன்ற வீராங்கனைகள் நாள்தோறும் செய்யும் வேலை இந்த வகையைச் சேர்ந்தது. போர் வில் இதைவிடப் பன்மடங்கு கடினம். 1545-இல் மூழ்கி 1982-இல் வெளியே எடுக்கப்பட்ட 'மேரி ரோஸ்' என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் நூற்றுக்கு மேற்பட்ட முழு விற்கள் கிடைத்தன. அவற்றின் இழுவிசை 45 கிலோ முதல் 80 கிலோ வரை இருந்திருக்கும் என மதிப்பிடப்படுகிறது.

எனவே முழுதாக இழுத்த நாணைப் பிடித்துக்கொண்டு எதிரியிடம் அரைப் பக்க வசனம் பேசுவது நடவாது. சில நொடிகளிலேயே தோள் நடுங்கத் தொடங்கும். அம்பு நேர்கோட்டில் செல்வதும் கிடையாது. நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் கிளம்பும் அம்பு 70 மீட்டர் கடக்க 1.4 நொடி ஆகும். அதற்குள் புவியீர்ப்பு அதை ஏறக்குறைய 10 மீட்டர் கீழே இறக்கிவிடும். அதனால்தான் தொலைவிலுள்ள இலக்குக்கு மேல்நோக்கி எய்ய வேண்டியிருக்கிறது.

இதில் பெரிய பிழை வேறொன்று. திரைப்படங்களில் வாளும் கதையும் பெரும்பாலும் பருத்த தோளுடைய ஆண்களுக்குப் போகின்றன; வில் பெண்களுக்கும் மெலிந்த உடலினருக்கும் தரப்படுகிறது. 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களில் (2001–2003) லெகோலாஸ் அப்படிப்பட்டவன். மூன்றாம் பாகத்தில் அவனும் ஒரு ராட்சத யானையின் தலையில் மூன்று அம்புகளை ஒருசேர எய்கிறான். வில்லுக்கு வலிமை வேண்டாம், கூர்ந்த பார்வை போதும் என்ற எண்ணமே இதன் அடிப்படை. உண்மை நேர்மாறானது. வில்லின் கனத்தை மறைக்கும்போது, அதை இழுக்கும் பெண்ணின் வலிமையும் சேர்ந்தே மறைந்துவிடுகிறது. தேவசேனாவைப் போன்ற ஒரு பாத்திரத்துக்கு இது பெரிய இழப்பு.

இதற்கு மாறான எடுத்துக்காட்டு 'பிரேவ்' (2012) என்னும் இயங்குபடம். தாய் கரடியாக மாறும் கதை அது. ஆனால் இளவரசி மெரிடா போட்டியில் எய்ய முற்படும்போது இறுக்கமான உடை தோளை அசையவிடாது. தையலைக் கிழித்துக்கொண்டுதான் வில்லை வளைக்கிறாள். விடுத்த அம்பு வில்லைக் கடக்கும்போது நெளிந்து செல்வதும் மெதுவாகக் காட்டப்படுகிறது. உண்மையான மர அம்பு அப்படித்தான் நெளியும்.

தமிழ் மரபில்

மிகைப்படுத்தல் தமிழுக்குப் புதிதன்று. புறநானூற்றின் 152-ஆம் பாட்டில் வன்பரணர் கூறும் வேட்டுவனின் ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியின் வாயைக் கடந்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருக்கும் உடும்பில் போய்த் தங்குகிறது. அவ்வேட்டுவன் கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி. எந்த இயற்பியல் ஆசிரியரும் இதற்கு மதிப்பெண் போடமாட்டார். ஆனால் அந்தப் பொய்யிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அம்பு பெரிய உடலில் தொடங்கிச் சிறிய உடலில் முடிகிறது. விசை குறைந்து ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. ஓரியின் அடைமொழியும் கூரிய கண்ணைப் பற்றியதன்று, வலிய வில்லைப் பற்றியது. செங்கம் வட்டாரத்து நடுகற்களில் கையில் வில்லோடும் உடலில் தைத்த அம்போடும் நிற்கும் வீரர்களிடமும் இந்தக் கனத்தைக் காணலாம்.

மாமல்லபுரத்து மகிடாசுரமர்த்தினி குகையில், ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி, சிங்கத்தின் மேல் எட்டுக் கைகளுடன் வரும் கொற்றவையின் கையில் வில்லைக் கொடுத்திருக்கிறான். எட்டுக் கைகள் என்பது முழுக் கற்பனை. ஆனால் வில்லேந்தி முன்னேறும் அந்த உடலின் நிமிர்வில் பளு தெரிகிறது.

படப்பிடிப்பு நிலை

நடிகர்களுக்கு எடை குறைந்த வில்லைக் கொடுப்பது தவறன்று. ஒரே காட்சியை இருபது முறை எடுக்க வேண்டியிருக்கும். சுற்றிலும் ஆட்கள் நிற்பார்கள். பல காட்சிகளில் அம்பு பின்னர் கணினியில் சேர்க்கப்படுகிறது. அம்பில்லாமல் வலிய வில்லின் நாணை விட்டால் வில்லே முறிந்துபோகக் கூடும் என்பதால், அங்கு மெலிந்த வில்தான் பாதுகாப்பானது. குறைவது நடிப்புப் பயிற்சியே. காலிக் குடத்தை நிறைகுடம் போல இடுப்பு வளைத்துத் தூக்கி வரத் தமிழ்ப் படங்களின் துணை நடிகைகளுக்குக் கூடத் தெரியும். நாணைத் தாடை வரை இழுப்பது, இரு தோள்பட்டைகளும் பின்னால் நெருங்குவது, விட்டவுடன் வில் முன்னோக்கிக் குதிப்பது ஆகிய மூன்றையும் ஒரு வாரப் பயிற்சியில் கற்றுவிடலாம். பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கத்துப் படப்பிடிப்பு வளாகத்தில் அரண்மனை அரங்கு போட ஆகும் செலவோடு ஒப்பிட்டால், வில்வித்தைப் பயிற்சியாளர் ஒருவரின் சம்பளம் பெரிய தொகை அன்று.