கற்றல் விருப்பு வினாநிரலும் தமிழ் வினைச்சொற்களும்

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்போரின் கற்றல் பாணி பற்றிய ஆய்வுகள் பலவற்றுக்கு அடித்தளமாக அமைந்தது, ஜாய் ரீடு 1987-இல் டெசோல் குவார்ட்டர்லி இதழில் வெளியிட்ட கட்டுரையாகும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் உட்பட 1,388 மாணவர் அவ்வாய்வில் இடம்பெற்றனர். கட்புலன், செவிப்புலன், உடலியக்கம், தொடுபுலன், குழு, தனிமை என ஆறு விருப்புகளை அவர் வகுத்தார். அவருடைய வினாநிரலில் விருப்புக்கு ஐந்தாக 30 கூற்றுகள் உள்ளன. பிறமொழி மாணவர் பெரும்பாலும் உடலியக்க, தொடுபுல வழிகளை விரும்பினர் என்பதும், குழுவழியை அவ்வளவாக விரும்பவில்லை என்பதும் அவர் கண்ட முடிவுகள். இவ்வினாநிரலை இந்திய மாணவரிடம் அளித்து, விழுக்காடு கணித்து, வகுப்பறைக்குப் பரிந்துரை கூறும் ஆய்வுகள் தொடர்ந்து எழுதப்பட்டு வருகின்றன. மாணவருக்கு எளிதாகும் பொருட்டு அதனை அவர்தம் மொழியில் பெயர்த்து வழங்குவதும் உண்டு. அங்கேதான் இடர்ப்பாடு தொடங்குகிறது.

கட்புலன் பகுதிக் கூற்றுகள் வாசிப்பைச் சார்ந்தவை. தமிழ்நாட்டு வழக்கில் வாசித்தலுக்கும் பாடம் பயில்வதற்கும் 'படி' என்னும் ஒரே வினை வழங்குகிறது. 'படித்தால் நன்றாக நினைவில் நிற்கும்' என்று பெயர்த்தால், பயின்றால் நினைவில் நிற்கும் என்றே மாணவர் பொருள் கொள்வர். அதனை மறுப்பவர் யார்? தேர்வுக்கு முன் குரல் விட்டுப் படிக்கும் மாணவி, தான் செய்வதைப் 'படிப்பு' என்றே சொல்கிறாள். அவளுக்குத் துணைசெய்வன செவியும் நாவும். வினாநிரலோ அவளைக் கட்புலத்தார் வரிசையில் சேர்த்துவிடுகிறது. கன்னடத்தின் 'ஓது', தெலுங்கின் 'சதுவு', இந்தியின் 'பட்னா' ஆகியவையும் இவ்விரு பொருளையும் தாங்குகின்றன. மலையாளம் 'வாயிக்குக', 'படிக்குக' எனப் பிரித்து வழங்குகிறது. இலங்கைத் தமிழிலும் வாசித்தல், படித்தல் என்னும் வேறுபாடு பெரும்பாலும் பேணப்படுகிறது. எனவே ஒரே வினாநிரலைக் கொண்டு தமிழ் மாணவரையும் மலையாள மாணவரையும் ஒப்பிட்டு, முன்னவர் கட்புல விருப்பு மிக்கவர் என ஒருவர் முடிவு கூறினால், அவர் அளந்தது மாணவரின் புலனையன்று. இரு மொழிகளின் சொற்பாகுபாட்டையே.

செவிப்புலன் பகுதியில் சிக்கல் இன்னும் கூடுதல். 'கேள்' என்பது செவியுறுதலையும் வினவுதலையும் கீழ்ப்படிதலையும் குறிக்கும். 'ஆசிரியர் சொல்வதைக் கேட்டு நன்கு கற்கிறேன்' என்னும் கூற்றுக்கு மறுப்புக் குறியிடுவது, ஆசிரியர் பேச்சைக் கேளாத மாணவன் என ஒப்புக்கொள்வது போன்றதாகும். அத்தாளைத் திரும்பப் பெற்றுக்கொள்பவரும் ஆசிரியரே. 'செய்' என்னும் வினையும் அவ்வாறே. பொருளொன்றை உருவாக்குவதைத் தொடுபுலனிலும், செயலில் பங்கேற்பதை உடலியக்கத்திலும் ரீடு அடக்குகிறார். ஆங்கிலம் அவற்றுக்கு இரு வினைகளைத் தருகிறது, தமிழ் ஒன்றையே தருகிறது. ஆயினும் இக்குறையைத் தமிழின்மேல் மட்டும் சுமத்துதல் பொருந்தாது. விண்டர்கெர்ஸ்ட், டிகாபுவா, இட்சன் ஆகியோர் 2001-இல் இக்கருவியைக் காரணிப் பகுப்பாய்வுக்கு உட்படுத்தியபோது ஆறு பிரிவுகள் தேறவில்லை. குழுச் செயல், தனிச் செயல், செயல்திட்ட நாட்டம் என மூன்றே எஞ்சின.

மீள்மொழிபெயர்ப்பு இப்பிழைகளைக் காட்டிக்கொடுப்பதில்லை. மூலத்தின் துறையறிந்த மொழிபெயர்ப்பாளர் 'படித்தல்' என்பதை வாசித்தல் என்றே ஆங்கிலத்தில் திருப்புவார். இரு ஆங்கில வடிவங்களும் ஒத்திருக்கும். இடையில் நின்ற தமிழ் வடிவத்தை மாணவர் எவ்வாறு உணர்ந்தனர் என்பது மறைந்தே போகும்.

மதிப்பெண் முறையும் இதற்குத் துணைபோகிறது. ஒவ்வொரு கூற்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பு. ஐந்தின் கூட்டுத்தொகை இரட்டிக்கப்படுகிறது. 38 முதல் 50 வரை பெற்றால் அது முதன்மை விருப்பு. எல்லாக் கூற்றுகளுக்கும் பணிவுடன் 'உடன்படுகிறேன்' எனக் குறியிட்டு வரும் மாணவர் ஒவ்வொரு பகுதியிலும் 40 பெறுவார். அதாவது ஆறு விருப்புகளும் அவருக்கு முதன்மையானவை! 24-ஐயும் அதற்குக் கீழ்ப்பட்டதையும் புறக்கணிக்கத்தக்கது எனக் கொள்ளும் பட்டியல் 0-இலிருந்து தொடங்குகிறது; எவரும் 10-க்குக் குறைவாகப் பெற இயலாது என்பது வேறு செய்தி. வினாநிரல் ஆய்வில் தமக்கு நேர்ந்த இடர்ப்பாடுகளை ரீடு 1990-இல் வெளிப்படையாக எழுதினார். பின்வந்தோர் அக்கட்டுரையையும் முந்தைய கட்டுரையுடன் சேர்த்துப் பயின்றிருக்கலாம்.

விருப்பு சரியாகவே அளக்கப்பட்டது எனக் கொண்டாலும், அதற்கேற்பக் கற்பித்தால் கற்றல் மேம்படும் என்பது தனியே நிறுவப்பட வேண்டிய கருத்து. பாஷ்லரும் உடன் ஆய்வாளரும் 2008-இல் இதற்கான சான்றுகளை ஆராய்ந்து, அவை போதுமானவையல்ல என்று கண்டனர். என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் நடத்திய திட்டத்தில் குழுப்பணியை ஊக்குவிக்கவில்லை. மாணவர் அதை வெறுத்தனர் என்பது காரணமன்று; ஒருவர்தம் பிழையான ஆங்கிலமே மற்றவர்க்கு உள்ளீடாகிவிடும் என்பதே காரணம். இம்முடிவுடன் மாறுபடலாம், ஆயினும் அது மொழி கற்றலின் இயல்பிலிருந்து எழுந்த முடிவு.

உடலியக்க விருப்பினர் என முத்திரையிடப்பட்ட வகுப்புக்கு நடிப்பும் விளையாட்டும் பெருகி வாசிப்பு சுருங்கினால், அவ்விழப்பு எல்லார்க்கும் ஒன்றன்று. வீட்டில் ஆங்கில நூல் காணாத முதல் தலைமுறை மாணவருக்கு வகுப்பறையே வாசிப்புக்குரிய இடம். உயர்கல்விப் பாடநூல்களோ அவரை நடிக்கச் சொல்வதில்லை. அவருடைய விருப்பை அறிய விரும்பும் ஆய்வாளர் 'படி', 'கேள்', 'செய்' என்னும் மூன்றையும் விலக்கி, செயலையே விரித்துரைக்கலாம்: ஓர் ஆங்கிலப் பத்தியைக் குரலின்றிக் கண்ணால் வாசித்தல், அதே பத்தியைப் பிறர் வாசிக்கச் செவியால் உணர்தல் என. பின்னர், அளவிலும் கடினத்திலும் ஒத்த இரு பத்திகளை அதே மாணவரிடம் இவ்விரு வழியிலும் அளித்து, எதில் எவ்வளவு புரிந்தது என்பதையும் அளந்து, அவர் இட்ட குறிக்கு அருகிலேயே பதிவு செய்தல் வேண்டும்.