இணையத் தொடர்கதையும் நமது வாசகரும்

எனது சிறுகதைத் தொகுதி வெளிவந்து 9 வருடமாகிறது. 500 பிரதி அடித்தோம். வெளியீட்டு விழாவில் முதற்பிரதி பெற்றுக்கொண்ட பெரிய மனிதர் கவரில் நல்ல தொகை வைத்துத் தந்தார். புத்தகத்தைக் கதிரையிலேயே விட்டுவிட்டுப் போனார். சிறப்புப் பிரதி, கௌரவப் பிரதி, பாடசாலை நூலகப் பிரதி என்று கொடுத்து முடித்த பின்னும் எங்கட வீட்டு அலுமாரிக்கு மேல் 4 பெட்டி இருக்கிறது. தூசி தட்டும்போது மனைவி ஒன்றும் சொல்வதில்லை. சொல்லாமலிருப்பதுதான் கஷ்டம்.

இணையத்தில் கதை எழுதும் பிள்ளைகளைப் பற்றி எழுத வந்தவன் இதைச் சொல்லித் தொடங்குவது காரணமாகத்தான். வாசகரைத் தேடுவதில் தோற்றவன் எழுதும் குறிப்பு இது என்பது முதலிலேயே தெரிந்திருக்கட்டும்.

‘வாசிப்புப் பழக்கம் அருகிவிட்டது’ என்ற வசனம் கேளாத இலக்கியக் கூட்டம் நம் நாட்டில் இல்லை. நானும் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொல்லிவிட்டு வந்த ஒரு திங்கட்கிழமைதான், உயர்தரம் முடித்துவிட்டுச் சான்றிதழ் எடுக்க வந்த பழைய மாணவி ஒருத்தி, “ஸேர், நானும் கதை போடுறன். 26 அத்தியாயம் வந்திட்டு” என்றாள். எதில் மகள் என்று கேட்டேன். போனைக் காட்டினாள்.

அவள் எழுதியது இரண்டு இடங்களில். ஒன்று வட்பேட், 2006இல் கனடாவின் ரொரன்ரோவில் ஆரம்பித்து, 2021இல் தென்கொரிய நிறுவனமான நேவர் வாங்கிக்கொண்டது. மற்றது பிரதிலிபி, 2014இல் பெங்களூரில் தொடங்கியது, தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் இயங்குவது. இரண்டிலும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். கதையை அத்தியாயம் அத்தியாயமாகப் போடலாம். பத்திரிகை ஆசிரியர் இல்லை, தெரிவுக்குழு இல்லை. வாசித்தவர் கீழே கருத்து எழுதலாம். வட்பேட்டில் ஒவ்வொரு பந்திக்கும் தனித்தனியாகக் கூட எழுதலாம். எந்த வரியில் ஒருவர் சிரித்தார், எந்த வரியில் கோபப்பட்டார் என்பது எழுதியவருக்கு அன்றிரவே தெரிந்துவிடும். பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் திறனாய்வு படித்த எனக்கு என் கதையின் எந்த வரியைப் பற்றியும் யாரும் இப்படிச் சொன்னதில்லை.

அவளது கதை இது. ஓர் உம்மா சவூதியில் 11 வருடம் வீட்டுவேலை செய்து கல்வீடு கட்டுகிறார். மூத்த மகளுக்குக் கலியாணம் பேசும்போது, கிழக்கின் வழமைப்படி, வீடு மகளுக்குச் சீதனமாகிறது. திரும்பி வந்த உம்மா தான் கட்டிய வீட்டின் பின்குசினியில் பாய் விரிக்கிறார். இளைய குமர் ஒன்றும் இருக்கிறது. அவளுக்கு வீடு கட்ட மீண்டும் விமானம் ஏறவேண்டும். முதல் அத்தியாயத்தில் உம்மா வந்திறங்கும் இடத்தை அவள் இப்படி எழுதியிருந்தாள்: ‘உம்மா கடப்படியில நிண்டு வளவைப் பாத்தா. வீடு உம்மாட. திறப்பு உம்மாட்ட இல்ல.’ இதை எழுத 19 வயதுப் பிள்ளைக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று யோசித்தேன். நானில்லை என்பது நிச்சயம்.

முதல் 9 அத்தியாயத்துக்கு நாற்பது பேரளவில் வந்திருக்கிறார்கள். அந்த நாற்பதையும் அவள் எப்படிச் சேர்த்தாள் என்பது நம்மைப் போன்றவர்கள் கவனிக்கவேண்டியது. வெள்ளி இரவு இஷாவுக்குப் பிறகு ஓர் அத்தியாயம். ஒரு வாரமும் தவறவில்லை. போனில் ஒரே மூச்சில் வாசித்து முடிக்கும் அளவு, ஆயிரம் சொல்லுக்குக் கொஞ்சம் கூட. வந்த கருத்து ஒவ்வொன்றுக்கும் பதில். இவற்றை விட முக்கியமானது, அவள் மற்றவர்களை வாசித்தாள். ‘அருமை சகோ, என் கதையையும் பாருங்கள்’ என்று எழுதிவிட்டு ஓடுகிறவர்கள் அங்கே ஏராளம். நீ என்னுடையதைத் திற, நான் உன்னுடையதைத் திறக்கிறேன் என்ற பண்டமாற்றும் நடக்கிறது. அதனால் எண்ணிக்கை ஏறும், வாசகர் வரமாட்டார். இவள் பிறர் கதையில் ஒரு குறிப்பிட்ட இடத்தை எடுத்து, அது தனக்கு ஏன் பிடித்தது என்று இரண்டு வரி எழுதுவாள். தன் கதையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எழுதப்பட்டவர், யார் இந்தப் பிள்ளை என்று தேடி வந்தார்.

நானும் அங்கே ஒரு கணக்குத் திறந்து, தொகுதியிலிருந்த கதையொன்றைப் போட்டுப் பார்த்தேன். ஒரு மாதத்தில் 11 வாசிப்பு. அதில் நாலு நானே. யாரையும் வாசிக்காமல், ஒருவருக்கும் ஒரு வரி எழுதாமல், என்னை மட்டும் வாசிக்க வரவேண்டும் என்று காத்திருந்தேன். வெளியீட்டு விழா மனோபாவம் என்று இதைச் சொல்லலாம்.

எண்ணிக்கை பற்றி ஒரு விளக்கம் தேவை. ‘எனது கதைக்குப் பத்தாயிரம் வாசிப்பு’ என்று ஒருவர் சொன்னால் பத்தாயிரம் பேர் என்று நாம் விளங்கிக்கொள்கிறோம். அத்தியாயம் திறக்கப்படும்போதெல்லாம் ஒன்று கூடுவதே அந்தக் கணக்கு. 50 அத்தியாயக் கதையை 200 பேர் முழுதாக வாசித்தாலே பத்தாயிரம் வந்துவிடும். ஆகவே மொத்தத்தைப் பார்த்துப் பிரமிக்கவும் தேவையில்லை, இளப்பமாக நினைக்கவும் தேவையில்லை. முதல் அத்தியாயத்தை எத்தனை பேர் திறந்தார்கள், கடைசி அத்தியாயத்தில் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்ற இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உண்மை தெரியும். இருந்தாலும் 200 பேர் ஒரு கதையைக் கடைசிவரை வாசித்தார்கள் என்பது நமது நூல்களில் எத்தனைக்குச் சொல்லக்கூடியது?

இனிக் கதை கெட்ட கதைக்கு வருகிறேன். 10ஆம் அத்தியாயத்தில் மருமகனின் தம்பி, இளைய மகளுக்குத் தண்ணீர் மோட்டார் திருத்திக் கொடுக்கிறான். சின்ன இடம். அந்தப் பந்திக்குக் கீழே மட்டும் முப்பதுக்கு மேல் கருத்து. ‘இவன்தான் ஹீரோவா?’ ‘சீக்கிரம் சேர்த்து வைங்க சிஸ்.’ அடுத்த வெள்ளி அவன் திரும்பவும் வந்தான். அதற்கடுத்த வெள்ளி மழை பெய்தது. அவனிடம் குடை இருந்தது. குடும்பக் கதை என்ற வகுப்பிலிருந்து காதல் கதை என்ற வகுப்புக்கு அவள் கதையை மாற்றினாள். நாற்பது நானூறானது. 26ஆம் அத்தியாயம் வரும்போது முதல் அத்தியாயம் 2,000 தடவை திறக்கப்பட்டிருந்தது. உம்மா எங்கே என்று தேடினேன். 17க்குப் பிறகு அவர் தேத்தண்ணி கொண்டுவருவதற்கு மட்டும் வருகிறார்.

மொழிக்கு நடந்தது இதைவிடப் பெரியது. வாசகர் பெரும்பாலும் தமிழ்நாட்டவர். திறப்பு என்றால் என்ன, கடப்படி என்றால் என்ன என்று அன்பாகத்தான் கேட்டார்கள். அவள் பழைய அத்தியாயங்களையும் திருத்திவிட்டாள். ‘அம்மா வாசலில் நின்று தோட்டத்தைப் பார்த்தாள். வீடு அவளுடையது. சாவி அவளிடம் இல்லை.’ இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் தோட்டம் என்றால் பூமரம். வளவு என்றால் பங்கு, வேலி, எல்லைச் சண்டை, எத்தனை குமருக்குப் பிரித்துக் கொடுக்கலாம் என்ற கணக்கு. உம்மா பார்த்தது அந்தக் கணக்கை. தோட்டத்தைப் பார்க்கிற அம்மாவுக்கு அந்தக் கவலை இல்லை. உம்மாவை அம்மாவாக்கியதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. காயல்பட்டினத்து வாசகி ஒருவருக்கு உம்மா என்ற சொல் விளங்காமல் போயிருக்காது.

இதற்கெல்லாம் இணையம்தான் காரணம் என்று சொல்லி முடித்துவிடலாம். அது நியாயமில்லை. ஆன்டி வெய்யர் என்ற அமெரிக்கர் செவ்வாய்க் கிரகத்தில் தனித்துவிடப்பட்ட ஒருவனின் கதையைத் தனது இணையத்தளத்தில் 2009இலிருந்து அத்தியாயமாகப் போட்டார். அதற்கு முன் வருடக்கணக்காக எழுதி அவர் சேர்த்திருந்தது ஏறத்தாழ 3,000 வாசகர். அவர்களில் விஞ்ஞானம் தெரிந்தவர்கள் இரசாயனக் கணக்குப் பிழைகளைச் சுட்டிக்காட்ட, அவர் திருத்திக்கொண்டார். 2011இல் மின்னூலானது, 2014இல் பெரிய பதிப்பகம் அச்சிட்டது, மறு வருடம் படம். மறுபக்கம் ஆனா ரொட். 2013இல் ஒரு பாட்டுக்குழு இளைஞனை மாதிரியாக வைத்து வட்பேட்டில் எழுதத் தொடங்கிய காதல் கதைக்கு நூறு கோடிக்கு மேல் வாசிப்பு என்று அந்தத் தளமே சொல்கிறது (மேலே சொன்ன கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளவும்). அதுவும் நூலானது, 2019இல் படமானது. இருவருக்கும் வாசகர் பக்கத்திலேயே இருந்தார்கள். முன்னவரின் வாசகர் கேட்டது, இந்தக் கணக்குச் சரியா என்று. எந்த வாசகரைக் கூட்டுகிறோமோ அவர் கேட்கிற கேள்விதான் வரும். என் மாணவி கதையை வகுப்பு மாற்றிய அன்று வாசகரையும் மாற்றிக்கொண்டாள். அது அவளுக்கு அப்போது விளங்கவில்லை.

தொடர்கதை வாரத்துக்கு வாரம் வாசகரைப் பார்த்து எழுதப்படுவது நமக்குப் புதிதுமல்ல. இளங்கீரனின் ‘நீதியே நீ கேள்’ தினகரனில் தொடராக வந்த நாவல்தான். 1966இல் மல்லிகையைத் தொடங்கிய டொமினிக் ஜீவா அதைக் கையில் சுமந்து தெருவிலும் பஸ்ஸிலும் விற்றவர். முகத்தைப் பார்த்து விற்றதால் யார் வாசிக்கிறார், யார் காசு மட்டும் தருகிறார் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ எழுதிய சித்திலெப்பை, ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையை மூன்று வருடம் முன்பே ஆரம்பித்திருந்தார் என்பதும் கவனிக்கத்தக்கது. வாசகர் கூட்டமொன்று இருந்த பிறகுதான் நாவல் வந்தது. (அந்த நாவலின் களம் எகிப்து, உள்ளூர் வளவு அப்போதும் காத்துக்கொண்டுதான் இருந்தது.)

இணையத்தை இளக்காரமாகப் பேசும் நண்பர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். என் மாணவி புனைபெயரில் எழுதுகிறாள். அவளது வாப்பாவுக்குத் தெரியாது, உம்மாவுக்குத் தெரியும். கூட்டத்துக்கு வரவோ, மேடையில் ஏறவோ, புத்தகம் அடிக்கக் காசு கேட்கவோ அவளால் முடியாது. இப்படி எத்தனை பிள்ளைகள் எங்கட ஊர்களில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்பது நமது இலக்கிய வட்டத்துக்குத் தெரியாது. அவர்களை விமர்சிக்கிற ஒரே ஆட்கள், ஹீரோ எப்போது வருவான் என்று கேட்பவர்கள்தான். திருத்திச் சொல்ல வேண்டிய நாம் அந்தப் பக்கமே போகவில்லை. நானும் முதலில் சொன்ன ஆலோசனை பிழையானது. அதையெல்லாம் விட்டுவிட்டுச் சஞ்சிகைக்கு அனுப்பு மகள் என்றேன். அனுப்பினாள். 8 மாதமாகப் பதில் இல்லை. “அங்க ரெண்டு மணித்தியாலத்தில பதில் வரும் ஸேர்” என்றாள். குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னாள்.

பிறகு இருவரும் உட்கார்ந்து முதல் 9 அத்தியாயத்தையும் பழைய வடிவில் வாசித்தோம். அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. “இத நானா எழுதின?” என்றாள். காதல் கதையைப் பாதியில் நிறுத்தினால் வாசகருக்குச் செய்யும் துரோகம் என்று அவளே சொல்லி, இரண்டு மாதத்தில் கலியாணம் வரை கொண்டுபோய் முடித்தாள். எனக்குப் பிடிக்கவில்லைதான், ஆனால் அவள் சொன்னது சரி. அதன் பிறகு உம்மாவின் கதையைப் புதிய தொடராகக் குடும்பக் கதை வகுப்பிலேயே போட்டாள். சொற்களுக்குப் பொருள் எழுதவேண்டாம், பாத்திரத்தின் கை பொருள் சொல்லட்டும் என்றேன். ‘மகள் திறப்பை இடுப்பில சொருகிக்கொண்டு முன்கதவைப் பூட்டினா’ என்று எழுதினாள். திறப்பு என்றால் என்ன என்று இம்முறை யாரும் கேட்கவில்லை.

நானூறில் அறுபது பேர்தான் கூடவந்தார்கள். அவளுக்கு அது வலித்தது, மறைக்கவுமில்லை. “பழையபடி ஆக்கட்டா ஸேர்?” என்று இரண்டு தடவை கேட்டாள். முதல் அத்தியாயத்தைத் திறந்தவர்களில் எத்தனை பேர் பத்தாவதிலும் இருக்கிறார்கள் பார் என்றேன். ஏறக்குறைய எல்லோரும் இருந்தார்கள். புதிதாக வந்தவர்களில் பாதிப்பேர் மத்திய கிழக்கில் வேலை செய்பவர்கள் என்பது கருத்துகளைப் பார்த்தால் விளங்குகிறது. இரவு வேலை முடிந்து, குசினி விளக்கை அணைத்த பிறகு வாசிக்கிறவர்கள். அந்த உம்மாவின் கதை அவர்களுடைய கதை. அவர்கள் நமது கூட்டத்துக்கும் வரமாட்டார்கள், என் அலுமாரிப் பெட்டியும் அவர்களைப் போய்ச் சேராது.

கடைசியாக நான் பார்த்தபோது 12ஆம் அத்தியாயத்துக்குக் கீழே குவைத்திலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: ‘எனக்கும் ஊட்டுல பின்குசினிதான் தங்கச்சி. மறுகா என்ன நடக்கும்? கெதியாப் போடுங்க.’ பிள்ளைக்கு இப்போது பரீட்சை. இரண்டு வெள்ளிக்கிழமை தவறிவிட்டது.