மற்றொன்று விரித்தல்: குற்றமும் உத்தியும்

முன்னுரை

பெங்களூரு ஜீவனஹள்ளியில் நிகழ்ந்த இலக்கியக் கூட்டம் ஒன்றில், மாதவியின் அரங்கேற்றம் குறித்த சொற்பொழிவைக் கேட்கும் வாய்ப்புக் கிட்டியது. ஒரு மணிநேரப் பொழிவில் பெரும்பகுதி பேச்சாளரின் பூம்புகார்ப் பயணத்திலும் நண்பர்களைப் பற்றிய நினைவிலும் கழிந்தது. மாதவி அரங்கேறுமுன் நேரம் முடிந்துவிட்டது. இக்குறையைத் தமிழ் இலக்கணம் 'மற்றொன்று விரித்தல்' எனச் சுட்டுகிறது. அதன் எல்லையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கண நிலை

தொல்காப்பிய மரபியல் நூலின் சிதைவுகளைத் தொகுக்குமிடத்து மிகைபடக் கூறலைக் குறிப்பிடுகிறது. மற்றொன்று விரித்தலைத் தனித்துச் சுட்டவில்லை. நன்னூல் பொதுப்பாயிரமோ பத்துக் குற்றங்களுள் இவ்விரண்டையும் வேறுவேறாக வைக்கிறது. எடுத்த பொருளையே அளவிறந்து சொல்வது முன்னது. அதனை விடுத்து வேறொன்றைப் பெருக்குவது பின்னது. எனவே குற்றம் விரித்தலில் உள்ளதேயன்றி, மற்றொன்றைக் குறிப்பிடுதலில் இல்லை எனலாம். சான்றாக, பவணந்தியாரைக் கொண்டு நன்னூலைச் செய்வித்த சீயகங்கன் கங்கர் மரபினன் என்பதும், கங்கரின் தொடக்ககாலத் தலைநகர் பெங்களூருக்குக் கிழக்கேயுள்ள கோலார் என்பதும் இவண் ஒரு குறிப்பாக அமையலாம். கங்கர் வரலாற்றையே எழுதப் புகின் அது குற்றமாம்.

அதே பாயிரம் கூறும் 32 உத்திகளுள் 'தன்னினம் முடித்தல்' இடம்பெறுகிறது. ஒன்றைச் சொல்லுங்கால் அதற்கு இனமானதையும் உடன்சொல்லி முடித்தல் என இதனைக் கொள்ளலாம். ஆகவே விலகிச் செல்லும் செய்தி எடுத்த பொருளுக்கு இனமா அன்றா என்பதே அளவுகோலாகிறது.

அடியார்க்குநல்லார் உரை

இவ்வளவுகோலுக்குத் தக்க சான்று, சிலப்பதிகார அரங்கேற்றுகாதைக்கு அடியார்க்குநல்லார் வரைந்த உரை. கதையை மட்டும் நாடுவோர்க்கு இவ்வுரை இடையூறாகத் தோன்றும். ஆடல், பாடல், முழவு, குழல், யாழ், அரங்கின் அளவு என உரை விரிந்துகொண்டே செல்கிறது. மாதவி நெடுநேரம் காத்திருக்கிறாள். ஆயினும் ஒவ்வொரு விரிவும் மூலத்தின் ஒரு சொல்லைப் பற்றியே எழுகிறது. முடிந்ததும் அடுத்த சொல்லுக்கு மீள்கிறது.

இந்த விரிவின் பயன் பெரிது. இந்திரகாளியம், மதிவாணர் நாடகத்தமிழ் நூல் முதலியவற்றைப் பற்றி நாம் அறிவதற்கு இவ்வுரை முதன்மைச் சான்றாகும். உ.வே.சாமிநாதையர் 1892-இல் இவ்வுரையுடன் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தார். விபுலானந்த அடிகளின் யாழ்நூல் (1947) இக்காதையின் யாழாசிரியன் பகுதியை அடிப்படையாகக் கொண்டெழுந்தது. உரையாசிரியர் கதையோடு நின்றிருப்பின், தமிழிசை ஆய்வு தன் பெருஞ்சான்றுகளுள் ஒன்றை இழந்திருக்கும்.

இன்றைய ஆய்வேடுகள்

இவ்வேறுபாட்டை உணராமையால் இன்று இருவகைத் தவறுகள் நிகழ்கின்றன. ஆய்வு வினாவோடு தொடர்பற்ற மாவட்ட வரலாறும் ஆசிரியர் வாழ்க்கைக் குறிப்பும் முதல் இயலை நிரப்புகின்றன. மறுபுறம், மாணவர் அரிதிற் கண்டெடுத்த இனச்செய்தி 'தலைப்புக்குப் புறம்பு' என நீக்கப்படுகிறது. முன்னது ஏட்டைப் பருக்கச் செய்கிறது. பின்னது அறிவை இழக்கச் செய்கிறது. பின்னதே பேரிழப்பு.

முடிவுரை

விலகல் மட்டுமே குற்றமாகாது. மூலத்தில் ஊன்றி எழுந்து மூலத்திற்கே மீளும் விரிவு உத்தியாகும், மீளாதது குற்றமாகும். ஜீவனஹள்ளிப் பொழிவில் பூம்புகார் வந்தமை பிழையன்று. அங்கிருந்து மாதவியின் அரங்குக்கு மீளாமையே பிழை. நெறியாளர் ஒரு பத்தியை நீக்குமுன் அது இனமா என வினவுதல் நன்று.