போன துணி, வர வேண்டிய துணி: ஆப்ஷீட்டில் ஒரு பதிவுச் செயலி

திருப்பூரில் ஒரு பின்னலாடை யூனிட். நூலை வாங்கி நிட்டிங்குக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து கிரே துணி சாயப்பட்டறைக்குப் போகும், பிறகு காம்பாக்டிங், கடைசியில்தான் கட்டிங் மேசைக்கு வரும். துணி சொந்த ஷெட்டில் இருப்பதைவிட வெளியார் ஷெட்டில் இருப்பதுதான் அதிகம். எந்த லாட் யாரிடம் இருக்கிறது, எத்தனை ரோல், எத்தனை கிலோ, எந்தத் தேதியில் போனது என்ற கணக்கு மொத்தமும் ஒரே எக்செல் ஃபைலில். மாதத்துக்கு ஒரு ஷீட். திரும்பி வந்த லாட்டுக்கு மஞ்சள் கலர், பாக்கி இருந்தால் வெள்ளை, தகராறு என்றால் சிவப்பு. காலையில் குடோன் சூப்பர்வைசர் டி.சி. (டெலிவரி சலான்) புத்தகத்தில் எழுதியதை மாலையில் கணக்குப் பெண் ஷீட்டில் ஏற்றுவார். இடையில் ஒரு தாள் காணாமல் போனால் ஒரு லாட்டே காணாமல் போன மாதிரிதான்.

துணி ஏற்றும் இடத்திலேயே போனில் பதிவு செய்ய ஒரு சின்னச் செயலி வேண்டும், ஆனால் கணக்கு ஷீட்டிலேயே இருக்க வேண்டும் என்பது அவர்கள் கேட்டது. கூகுளின் ஆப்ஷீட்டில் அதைக் கட்டினேன். 2014-ல் சியாட்டிலில் தொடங்கிய நிறுவனம் இது. 2020 ஜனவரியில் கூகுள் வாங்கிக்கொண்டது. நிரல் எழுதாமல், ஒரு ஷீட்டைக் காட்டினால் அதன்மேல் படிவங்களும் பட்டியல்களும் கொண்ட செயலியை எழுப்பித் தரும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செயலி கட்டும் வேலையை ஆப்ஷீட் உண்மையாகவே சுலபமாக்கிவிட்டது. ஷீட்டைச் சீர்படுத்தும் வேலையையும், எந்தப் பதிவைத் தடுப்பது, எதற்குக் காரணம் மட்டும் கேட்பது என்று தீர்மானிக்கும் வேலையையும் அது தொடவே இல்லை. நேரம் போவதெல்லாம் இந்த இரண்டில்தான்.

வேறு வழி இல்லையா என்றால், இருக்கிறது. எக்செலிலேயே ஒரு பழைய படிவ வசதி ஒளிந்திருக்கிறது. மேலே உள்ள விரைவுப் பட்டியில் அந்தப் பொத்தானைச் சேர்த்துக்கொண்டால், ஒரு வரிசையை ஒரு சின்னப் பெட்டியில் நிரப்பலாம். 32 நெடுவரிசை வரை தாங்கும். ஒரே ஆள், ஒரே கணினி என்றால் அதுவே போதும், காசும் இல்லை. விபிஏ மேக்ரோவில் அழகான படிவம் எழுதலாம், ஆனால் போனில் உள்ள எக்செலில் மேக்ரோ ஓடாது. தவிர, இணையம் வழியாக வந்த ஃபைல்களில் மேக்ரோவை 2022 முதல் மைக்ரோசாஃப்ட் தானாகவே தடுத்துவிடுகிறது. கூகுள் ஃபார்ம்ஸ் இலவசம், யாருக்கும் புரியும். ஆனால் அனுப்பிய துணியைப் பதிவு செய்துவிட்டு, திரும்பி வரும்போது அதே பதிவை எடுத்து எடை போட வேண்டுமே? ஃபார்ம்ஸ் வாங்கிப் போடும் பெட்டி, அவ்வளவுதான். புதுப் பார்ட்டி சேர்ந்தால் ஃபார்ம்ஸின் தேர்வுப் பட்டியலும் ஷீட்டைப் பார்த்துத் தானாக வளராது.

இனி ஷீட் விஷயம். ஆப்ஷீட்டுக்குக் கலர் தெரியாது. மஞ்சள் பூசிய வரிசையும் வெள்ளை வரிசையும் அதற்கு ஒன்றுதான். ஆகவே ‘நிலை’ என்று ஒரு நெடுவரிசை போட்டு, கலரில் இருந்த தகவலை எல்லாம் எழுத்தாக மாற்ற வேண்டியிருந்தது. ஒன்றாகச் சேர்த்த கட்டங்களைப் பிரிக்க வேண்டும். தலைப்பு முதல் வரிசையில் வர வேண்டும், கம்பெனிப் பெயரைப் பெரிதாகப் போட்டு மூன்று வரிசையை வீணடிக்கக் கூடாது. மாதத்துக்கு ஒரு ஷீட் என்பது ஒழிந்து, எல்லா மாதமும் ஒரே பட்டியலில் வர வேண்டும். கடைசியாக ‘பார்ட்டி’, ‘அனுப்பியது’, ‘வந்தது’ என்று மூன்று பட்டியலாகப் பிரித்தேன். ஒரு டி.சி.யில் போன துணி நாலு தவணையாகத் திரும்பி வரும் என்பதால் ‘வந்தது’ தனியாக இருந்தே தீர வேண்டும். பழைய ஷீட்டில் இதற்காக ‘வரவு 1’, ‘வரவு 2’, ‘வரவு 3’ என்று பக்கவாட்டில் நீட்டியிருந்தார்கள். நான்காவது தவணை வந்த இடத்தில் குறிப்பு எழுதிச் சமாளித்திருந்தார்கள்.

தேதிதான் பெரிய வில்லங்கம். ஷீட்டின் வட்டார அமைப்பு அமெரிக்கா என்று இருந்தால் 5/4 என்பது மே 4 ஆகிவிடும். 25/4 என்று போட்டால் அப்படி ஒரு மாதமே இல்லாததால் வெறும் எழுத்தாக நின்றுவிடும். ஆக, மாதத்தின் முதல் 12 நாள் பதிவுகள் சத்தமில்லாமல் இடம் மாறியிருக்கும், மிச்ச நாட்கள் தேதியாகவே இருக்காது. வரிசைப்படுத்திப் பார்க்கும்போதுதான் தெரியும். டி.சி. எண்ணை 12-3 என்று எழுதும் பழக்கம் இருந்தால் அதுவும் தேதியாகிவிடும். நம் ஊர் குடோனுக்கு மட்டும் வந்த சோதனை இல்லை இது. மரபணுக்களின் சில பெயர்களை எக்செல் விடாமல் மார்ச், செப்டம்பர் தேதிகளாக மாற்றியதால், பெயர் சூட்டும் சர்வதேசக் குழு 2020-ல் அந்த மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டது. விஞ்ஞானிகளே வளைந்து கொடுத்த இடத்தில் நாம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: ஷீட்டின் அமைப்பில் வட்டாரத்தை இந்தியா என்று மாற்ற வேண்டும், ஆப்ஷீட்டில் ஒவ்வொரு பட்டியலுக்கும் தனியாக அதையே செய்ய வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டாலும் குழப்பம் திரும்ப வரும்.

இவ்வளவும் முடிந்த ஷீட்டைக் கையில் கொடுத்தால் ஆப்ஷீட் அழகாக வேலை செய்கிறது. நெடுவரிசையைப் பார்த்தே இது எண், இது தேதி, இது படம் என்று பெரும்பாலும் சரியாக யூகிக்கிறது. பார்ட்டியைத் தட்டச்சு செய்ய வேண்டாம், பட்டியலில் இருந்து தேர்ந்தெடுக்கலாம். ஒரே சாயப்பட்டறை மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று பார்ட்டியாக உலவிய காலம் முடிந்தது. ஜிஎஸ்டி எண் 15 எழுத்து இல்லாவிட்டால் ஏற்காது. உள்ளூர்ப் பார்ட்டி என்றால் 33-ல் தொடங்க வேண்டும் என்றும் விதி போட்டேன். ஒவ்வொரு பதிவுக்கும் உள்ளே ஒரு தனி அடையாளக் குறியைச் செயலியே உருவாக்கிக்கொள்கிறது. வரிசை எண்ணையே அடையாளமாக விட்டுவிடாதீர்கள். நடுவில் ஒரு வரிசையை யாராவது நீக்கினால் எல்லாம் நகர்ந்துவிடும்.

எடையில்தான் யோசிக்க வேண்டியிருந்தது. சாயம் போட்டு வரும் துணி அனுப்பிய எடைக்கு வராது, ப்ராசஸ் லாஸ் உண்டு. துணிக்கும் கலருக்கும் ஏற்ப எவ்வளவு குறையலாம் என்று முதலாளிக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அதைத் தாண்டினால் பதிவையே ஏற்காதபடி முதலில் கறாராக வைத்துப் பார்த்தேன். சூப்பர்வைசர் குடோனில் இருந்து கூப்பிட்டார்: “ணா, இது சேவே ஆவ மாட்டேங்குதுங்க. கொஞ்சம் ஏத்திப் போட்டுரட்டுங்களா?” வண்டிக்காரன் வாசலில் ஹாரன் அடிக்கும்போது எந்த மனிதனும் இதைத்தான் செய்வான். செயலி மறுத்தால் பொய் எடை ஏறும். எனவே தடையை எடுத்துவிட்டு, லாஸ் அளவைத் தாண்டினால் மட்டும் ‘காரணம்’ என்ற கட்டம் திறக்கும்படியும், அதை நிரப்பாமல் சேமிக்க முடியாதபடியும் மாற்றினேன். எச்சரித்துவிட்டு விட்டுவிடும் வசதி ஆப்ஷீட்டில் நேரடியாக இல்லை, இப்படிச் சுற்றித்தான் போக வேண்டும். ‘ரோல் பாக்கி’, ‘ஈரம்’, ‘தராசு சந்தேகம்’ என்று இப்போது வந்து விழும் காரணங்கள், பழைய ஷீட்டின் சிவப்புக் கலரைவிட நிறையச் சொல்கின்றன.

டி.சி. எண் விஷயம் இன்னும் சுவாரசியம். குடோனில் சிக்னல் வரும், போகும். ஆப்ஷீட் இணையம் இல்லாமலும் பதிவை வாங்கி வைத்துக்கொண்டு பிறகு ஷீட்டுக்கு அனுப்பும், அது பெரிய வசதி. ஆனால் கடைசி எண்ணோடு ஒன்றைக் கூட்டு என்று சொல்லி வைத்தால், சிக்னல் இல்லாத இரண்டு போன்களும் ஒரே எண்ணைக் கொடுத்துவிடும். ஷீட்டில் ஒரே எண்ணில் இரண்டு டி.சி. உட்கார்ந்திருக்கும். இதற்குத் தொழில்நுட்பத்தில் விடை தேடுவதைவிட ஜிஎஸ்டி விதியில் தேடுவது லாபம். டெலிவரி சலானுக்கான விதி 55, எண் தொடராக இருக்க வேண்டும், 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறது. ஆனால் ஒரே தொடர்தான் என்று சொல்லவில்லை, பல தொடர்களும் வைத்துக்கொள்ளலாம். ஆகவே ஆளுக்கு ஒரு தொடர்: குடோனுக்கு ‘கு’, நிட்டிங் பிரிவுக்கு ‘நி’. யார் பதிகிறார் என்பதைச் செயலி மின்னஞ்சலை வைத்துத் தெரிந்துகொண்டு அவர் தொடரில் அடுத்த எண்ணைத் தரும். ஒரே மின்னஞ்சலை இரண்டு போனில் திறந்து வைக்காத வரை எண் மோதாது. பதிவை நீக்கும் உரிமையை எல்லோரிடமிருந்தும் எடுத்துவிட்டேன். ரத்தான டி.சி.யும் ‘ரத்து’ என்ற நிலையோடு தொடரிலேயே இருக்கும்.

முதலாளிக்கு மிகவும் பிடித்த திரை வேறு. ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்பவில்லை என்றால், அனுப்பிய நாளிலேயே விற்றதாக ஜிஎஸ்டி சட்டத்தின் 143-வது பிரிவு எடுத்துக்கொள்ளும். வரியோடு வட்டியும் சேரும். அனுப்பிய தேதியில் இருந்து 300 நாளைக் கடந்த லாட்டுகளை மட்டும் காட்டும் ஒரு பட்டியல் போட்டேன். ஷீட்டில் எதையும் எழுதாமல், திரையில் மட்டும் கணக்கிடும் நெடுவரிசையால் ஆனது. திறந்ததும் அதில் இருந்ததைப் பார்த்துவிட்டு அவர் உடனே போனை எடுத்துப் பேசத் தொடங்கினார். ஜாப் ஒர்க்குக்குப் போன, வந்த சரக்கைத் தெரிவிக்கும் ஐடிசி-04 படிவத்துக்கான விவரமும் இதே பட்டியல்களில் இருந்துதான் வரும். முந்தைய ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் என்றால் அதை அரையாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்ய வேண்டும், மற்றவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை.

தமிழ்? படிவத்தில் தெரியும் பெயர்களைத் தமிழில் வைக்கலாம். ‘சேவ்’, ‘கேன்சல்’ போன்ற பொத்தான்களின் சொற்களையும் அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம். ‘சேமி’ என்று வைத்தேன், அவர்கள் ‘சேவ்’ என்றே சொல்கிறார்கள், அது இருக்கட்டும். கட்டுகிற பக்கம் மட்டும் முழுக்க ஆங்கிலம். விதிகளை எழுதும் இடத்தில் எக்செல் ஃபார்முலா எழுதிப் பழகியவருக்குச் சிரமம் இல்லை, மற்றவர்கள் கொஞ்சம் திணறுவார்கள்.

குறைகள் உண்டு. ஷீட்டில் ஒரு நெடுவரிசையைச் சேர்த்தாலோ பெயர் மாற்றினாலோ, செயலிக்குள் போய் அமைப்பைப் புதுப்பிக்க வேண்டும். அதுவரை செயலி முரண்டு பிடிக்கும். ‘சும்மா ஒரு காலம் சேர்த்தேன்’ என்று ஷீட்டில் கை வைக்கும் ஆட்களிடமிருந்து ஷீட்டைக் காப்பாற்ற வேண்டும். நல்லவேளையாக, செயலியில் பதிய ஷீட்டைப் பகிர வேண்டியதில்லை. கட்டியவரின் கணக்கு வழியாகவே தரவு போகும். ஆகவே ஷீட்டுக்கான அனுமதியை முதலாளியும் கணக்குப் பெண்ணும் மட்டும் வைத்துக்கொண்டார்கள். பதிவுகள் பல்லாயிரத்தைத் தொடும்போது ஒத்திசைவு மெதுவாகும். நிதியாண்டு முடிந்ததும் முடிந்த லாட்டுகளை வேறு ஷீட்டுக்கு நகர்த்திவிடுங்கள். டி.சி.யைப் படம் எடுத்து வைக்கும் வசதி அருமை, ஆனால் படங்கள் கூகுள் டிரைவின் இடத்தைத் தின்னும். இலவசக் கணக்கில் மொத்தமே 15 ஜிபி.

செலவு: கட்டிச் சோதித்துப் பார்க்க 10 பேர் வரை இலவசம். அன்றாடப் புழக்கத்துக்கு வந்தால் ஆரம்பத் திட்டம் ஓர் ஆளுக்கு மாதம் 5 டாலர், பாதுகாப்புக் கட்டுப்பாடுகள் கொண்ட கோர் திட்டம் 10 டாலர். நாலைந்து பேர் பதியும் யூனிட்டுக்கு இது பாரமில்லை. நாற்பது பேர் என்றால் ஒரு முறை காசு கொடுத்து ஒரு நிரலாளரிடம் எழுதி வாங்குவது மலிவாக முடியலாம். கூகுள் ஒர்க்ஸ்பேஸ் கட்டணக் கணக்கு ஏற்கெனவே இருந்தால் முதலில் அதைப் பாருங்கள், பெரும்பாலான திட்டங்களில் கோர் சேர்ந்தே வருகிறது. எந்தக் கணக்கில் கட்டினாலும் அது கம்பெனியின் பெயரில் இருக்கட்டும். கணக்கு எழுதுபவரின் சொந்த ஜிமெயிலில் கட்டிவிட்டு, அவர் வேறு வேலைக்குப் போன பிறகு பாஸ்வேர்டு கேட்டு அலைவது வீண்.

கணக்கு மென்பொருளான டாலியோடு இது தானாகப் பேசாது. துணி நடமாட்டத்தை மட்டும்தான் இந்தச் செயலி பார்த்துக்கொள்கிறது. சாயப்பட்டறை அனுப்பும் பில்லைக் கணக்குப் பெண் இன்னும் டாலியில் கையால்தான் ஏற்றுகிறார். ஒரே வித்தியாசம், ஏற்றுவதற்கு முன் பில்லில் இருக்கும் கிலோவைப் போனில் இருக்கும் கிலோவோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்.