தூணின் அடியில் இரண்டு எழுத்து

லினக்ஸில் ஒலி அளவைச் சரிசெய்யும் ஆல்ஸாமிக்ஸரைத் திறந்தவுடன் கறுத்த திரையில் பச்சையும் வெள்ளையும் சிவப்புமாக எழுந்து நிற்கும் தூண்களின் உயரத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். நானோ எத்தனையோ வருஷங்களாக அவற்றின் பாதத்திலுள்ள சிறு பெட்டியையே முதலில் பார்த்து வருகிறேன். அங்கே இரண்டு 'ஓ' இருந்தால் வழி திறந்திருக்கிறது; இரண்டு 'எம்' இருந்தால், தூண் நூறு வரை வளர்ந்து பிரகாசித்தாலும் அணுவளவு நாதமும் பிறக்காது. மௌனத்தின் காரணத்தை இத்தனை சுருக்கமாகச் சொல்லும் இடம் கணினியில் வேறு எங்கும் எனக்குத் தென்பட்டதில்லை.

கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் என்ற ஒலி கார்டுக்கான டிரைவரிலிருந்து 1998-இல் யாரோஸ்லாவ் கிசெலா வளர்த்தெடுத்த ஆல்ஸா என்ற லினக்ஸ் ஒலி அமைப்பு, ஆரம்ப காலத்தில் எல்லா வழிகளையும் மூடியே நம் கையில் கொடுத்தது. அதைக் குறையென்று சொன்னவர்கள் அநேகர். வித்வான் கை வைக்கும்வரை தவில் உறைக்குள் இருப்பது போன்ற மரியாதையாகவே அது எனக்குப் பட்டது.

வரைகலை மிக்ஸரான பாவுகண்ட்ரோல் போதுமே என்கிற நண்பர்களுடன் நான் சண்டையிடுவதில்லை. ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி அளவு வைக்கும் அதன் சௌகரியம் மெய்தான். ஆனால் 2008-இல் உபுண்டு, ஆல்ஸாவின் மேல் அமரும் பல்ஸ்ஆடியோவை ஏற்றது முதல், ஆல்ஸாமிக்ஸர் என்று அழைத்தால் 'மாஸ்டர்' என்ற ஒற்றைத் தூண் மாத்திரமே வந்து நிற்க, எஃப் 6 அழுத்தி நிஜமான கார்டைத் தேர்ந்தெடுத்த பின்புதான் பிசிஎம், ஹெட்ஃபோன், ஸ்பீக்கர், மைக் பூஸ்ட் என்று பரிவாரம் முழுவதும் தரிசனம் தருகிறது என்பதை அறியாமல், சத்தம் வரவில்லையென்றவுடன் சிஸ்டத்தையே அழித்து மறுபடி நிறுவும் பிள்ளைகளைக் காணும்போது மனம் வருந்துகிறது.

வில்லியனூர்த் திருக்காமீசுவரர் தேரன்று பதிவு செய்த நாகஸ்வரத்தைப் பாகூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் கேட்க உட்கார்ந்த மாலையை மறக்க முடியாது. என் கார்டில் மைக் பூஸ்ட் ஒரு படி ஏறினால் பத்து டெசிபல்; அந்த வாத்தியத்துக்குச் சுழியமே அதிகமென்று பூஸ்டைத் தொடாமல், 'கேப்சர்' தூணையும் பாதிக்குக் கீழே இறக்கி எடுத்த பதிவு அது. மடிக்கணினி பேசவில்லை. புதிதாக ஒரு கார்டு வாங்கச் சொன்னார் பழுது பார்ப்பவர் ஒருவர். அடியில் எல்லாம் 'ஓ'. மாஸ்டர், பிசிஎம் இரண்டும் சுழிய டெசிபலில். அன்று மட்டும் என் பிரிய எழுத்துகள்கூடக் கைவிட்டனவோ என்று கலங்கி, வலது அம்புக்குறியை அழுத்திக்கொண்டே கடைசிவரை போனேன். அங்கே, தூணே இல்லாத ஓரிடத்தில், 'ஆட்டோ-மியூட் மோட்' என்பதன் மேல் 'எனேபிள்டு' என்றிருந்தது. அறுவடைத் தூசியும் உப்புக்காற்றும் ஏறிய ஹெட்ஃபோன் துளையின் உலோக நாக்கு ஒட்டிக்கொள்ள, இல்லாத ஹெட்ஃபோன் இருப்பதாக நம்பிய கார்டு ஸ்பீக்கரின் வாயைக் கட்டியிருக்கிறது.

கீழ் அம்புக்குறியை ஒரு முறை அழுத்தினேன். 'டிஸேபிள்டு'. மறுகணம் திண்ணையெங்கும் கம்பீரநாட்டையில் மல்லாரி எழுந்தது. அது முடியும்வரை 'ஆல்ஸாசிடிஎல் ஸ்டோர்' தட்டி அமைப்பைச் சேமிக்கவும் எனக்குக் கை எழவில்லை.