கருப்பு விண்மீனும் பூட்டிய கதவும்

"பந்தை உதைப்பதிலே நாட்டுப்பற்று எங்கே இருக்கிறது?" என்று கேட்போர் உண்டு. கானா நாட்டின் வரலாறு அவர்களுக்கு விடை கூறும். ஆனால் அதே வரலாறு, "பந்தாட்டமே எங்கள் ஒற்றுமை" என்று பூரிப்போரைப் பார்த்தும் ஒரு கேள்வி கேட்கும். இரண்டையும் ஆராய்வோம்.

பொன்னை வாரிச் சென்ற வெள்ளையர் அந்த மண்ணுக்கு இட்ட பெயர் 'பொற்கரை'. கொள்ளைப் பொருளின் பெயரே நாட்டின் பெயர்! 1957 மார்ச் 6-ல் விடுதலை பெற்ற மக்கள் அதைத் துடைத்தெறிந்தனர்; பண்டைய ஆப்பிரிக்கப் பேரரசொன்றின் பெயரான 'கானா'வைச் சூட்டினர். கொடியின் நடுவே கருப்பு விண்மீனைப் பொறித்தனர். 1919-ல் மார்க்கஸ் கார்வே தொடங்கிய கப்பல் நிறுவனத்தின் பெயரிலே ஒளிர்ந்த விண்மீன் அது. பந்தாட்டக் குழுவுக்கும் அதுவே பெயராயிற்று: கருப்பு விண்மீன்கள். கருப்பு இழிவு என்று கற்பித்த உலகிலே, கருப்பே ஒளி என்று முழங்கிய பெயர்!

பெயருக்கேற்ற பெருமையும் வந்தது. மண்ணின் மைந்தர் சி. கே. ஜியாம்ஃபி பயிற்றுவித்த குழு, 1963-ல் அக்ராவிலே சூடானை வென்று ஆப்பிரிக்கக் கோப்பையை ஏந்தியது. 1965-ல் துனிசிலே மீண்டும் ஏந்தியது. எனினும், ஆடி வென்ற கோப்பைகளைவிட, ஆட மறுத்த ஆட்டமே பெரிது என்பேன். 1966 உலகக் கோப்பையில் இடங்கள் 16. ஆப்பிரிக்கா, ஆசியா, ஓசியானியா அனைத்துக்கும் சேர்த்து ஒரே ஓர் இடம்! கானாவின் விளையாட்டுத் துறைத் தலைவர் ஓஹெனே ஜான் எதிர்த்தெழுந்தார். ஆப்பிரிக்க நாடுகள் விலகி நின்றன. பிச்சையாகக் கிடைப்பதைவிடப் பட்டினி மேல் என்ற அந்த முடிவு வீண்போகவில்லை. 1970-ல் ஆப்பிரிக்காவுக்குத் தனி இடம் கிடைத்தது.

இதுவரை புகழ்ந்தோம். இனிக் குறையையும் கூறவேண்டும். குறை கூறாத புகழ்ச்சி முகத்துதி.

உலக அரங்கிலே சமத்துவம் கேட்ட அதிபர் நிக்ருமா, உள்நாட்டிலே 'ரியல் ரிபப்ளிக்கன்ஸ்' என்ற மாதிரிக் கழகத்தை உருவாக்கினார். மற்றக் கழகங்களின் சிறந்த ஆட்டக்காரர்கள் அதற்காக எடுக்கப்பட்டனர். குமாசியின் கோட்டோகோ கழகத்தார் மனம் புழுங்கினர். 1964-ல் நாடும் ஒரே கட்சியின் நாடாயிற்று. 1966 பிப்ரவரி 24-ல் இராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது. அந்தக் கழகமும் கலைந்தது. கட்டளையிட்டுக் கட்டிய ஒற்றுமை, கட்டளையிட்டவரோடு போயிற்று!

அதனினும் கொடியது பின்னர் நேர்ந்தது. 2001 மே 9. அக்ரா அரங்கிலே ஹார்ட்ஸ் ஆஃப் ஓக்கும் கோட்டோகோவும் மோதின. தோல்வியுற்ற கோட்டோகோ அன்பர் சிலர் இருக்கைகளைப் பெயர்த்து எறிந்தனர். தவறுதான், ஆனால் அதற்குத் தண்டனை சாவா? காவலர் கண்ணீர்ப் புகைக் குண்டுகளை வீசினர். மக்கள் வாயிலை நோக்கி ஓடினர். கதவுகள் பூட்டிக்கிடந்தன! நெரிசலிலே மாண்டோர் 126 பேர். விசாரணைக் குழு காவலர் மீது குறை கண்டது. குற்றஞ்சாட்டப்பட்ட அதிகாரிகளோ விடுதலையாயினர்.

அன்னியன் அடைத்த கதவைத் தட்டித் திறந்த நாடு, தன் மக்களின் முன்னே கதவைப் பூட்டிவைத்தது! விண்மீன் சட்டை அணிந்த பதினொருவர் மட்டுமா நாடு? மலிவுச் சீட்டு வாங்கி, வெயிலிலே அமர்ந்து, தொண்டை வறளக் கூவுகிறானே, அவன் அல்லவா நாடு! அவனுடைய உயிருக்கு மதிப்பில்லையெனில், வென்ற கோப்பைகள் வெறும் உலோகம்.

பந்தாட்டத்தைப் பழிக்க இதை எழுதவில்லை. தன்மானத்தை உலகுக்குக் கற்பித்த ஆட்டம் அது. அந்தத் தன்மானம் கொடியோடு நின்றுவிடாமல், அரங்கின் கடைசிப் படியில் அமர்ந்திருப்பவன் வரை எட்டட்டும் என்பதற்காகவே எழுதினேன்.